கறுவாவிடம் சொல்லக்கூடாத சொல்

ஜூன் 14, சனி. கொலோன்

விடிந்ததிலிருந்து தூறல். வாடகைக் கரவன் வாசலில் வந்து நிற்கிறது. எங்கள் வீட்டைவிடச் சுத்தம். காரில் கொழுவி இழுத்து ஓட்டிப் பழக்கமில்லை. பின்னால் ஒரு வீடு வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏற்றியவை: அரிசி, மிளகாய்த்தூள், இடியப்ப உரல் (மனைவி ஜெயா விடமாட்டாள்), குடை. நாய்க்கு: படுக்கை, இரண்டு கோப்பை, கம்பளி, ஊசி போட்டதற்கான நாய்ப் பாஸ்போர்ட், மகளுடைய பழைய செருப்பு ஒன்று.

ஜெ. எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, சீதனமோ?"

சீதனம்தான். மாப்பிள்ளை பெயர் ஊவே. ஜெ.யோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் ரெனாட்ட, கோடைக்குக் கோடை நாய் வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு கரவன்களில் டென்மார்க் போவாள். ஊவே அந்தக் கூட்டத்து ஆள். நாய் செத்துத் தனியாக இருக்கிறார், பெரிய தோட்டம் உண்டு. இந்தப் பயணத்தில் கறுவா அவரோடு பழகட்டும், திரும்பும் வழியில் அவரிடமே விட்டுவிடுங்கள் என்பது ரெனாட்டவின் யோசனை. ஓம் என்றோம்.

கறுவா, மகள் நிலானி வளர்த்த நாய். அவள் வேலை கிடைத்துக் கனடா போய்விட்டாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் க. நாள் முழுக்க வாசல் மிதியடியில். தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பாவம் பார்த்துத்தான் இந்த முடிவு. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு. எல்லைக்குக் கிட்ட

ஓட்டோபான் நெடுஞ்சாலை முழுக்க மழை, காற்றாலைகள், மறுபடி மழை. க. ஜன்னலில் மூக்கை வைத்து வடக்கை மோந்துகொண்டே வந்தது.

ஐந்து கரவன். இங்கே மனிதர்களுக்குப் பெயர் இல்லை, நாய்களுக்குத்தான். 'புரூனோவின் அம்மா', 'லோட்டேயின் அப்பா'. நான் 'கருவாவின் அப்பா'. முப்பது வருடம் இந்த நாட்டில் என் முழுப்பெயரை ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இது பரவாயில்லை.

ஊவே வந்தார். நீண்ட கால், மெல்லிய குரல். க.வுக்கு முன்னால் மண்டியிட்டுப் புறங்கையை நீட்டினார். க. மோந்தது, வாலாட்டியது. நல்ல மனுஷன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் கரைச்சல்.

ஜூன் 17, செவ்வாய். டென்மார்க்

கஞ்சி ஆவி மாதிரி மூடுபனி. மணல் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தோம், தண்ணீர் வரவே இல்லை. கோடையில் இந்தக் கரையில் நாய்களைக் கட்டித்தான் நடத்த வேண்டும். மேலே அவிழ்த்துவிட நாய்களுக்கென்றே வேலி போட்ட காடு இருக்கிறது. அங்கே க. பெரணிச் செடிகளுக்குள் மறைந்து, தோன்றி, மறைந்து. சத்தமே இல்லை. எங்கிருந்தோ ஊவே "ஹியர்!" என்றார். அவரிடம் போய் நின்றது.

பொறாமை. அறுபதை நெருங்கும் ஆளுக்கு நாய்விஷயத்தில் பொறாமை.

ஜூன் 18, புதன்

தூறல். குளிக்கப் போனேன். வழக்கம்போல "வாறன்" என்றுவிட்டு. திரும்பினால், கரவன் படியடியில் க. நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஊவே, கையில் சொசேஜ். க. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வந்திட்டன்" என்றதும் எழுந்து, உதறி, சொசேஜை ஒரே வாய்.

நான் 'ப்ளைப்', இரு, என்றால் இருப்பதில்லை, நீ என்ன சொன்னாய் என்று ஊவே கேட்டார்.

விளங்கப்படுத்தினேன். எங்கள் ஆட்கள் வெளியே போகும்போது போறன் என்று சொல்லமாட்டார்கள். அபசகுனம். வாறன் என்பார்கள், திரும்பி வருவேன் என்று. க. குட்டியிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தது. சொன்ன ஆள் வரும்வரை அசையாது.

ஊவே சொல்லிப் பார்த்தார். "வாரன்." பிறகு சிரித்தார். ஜெர்மன் மொழியில் அந்த ஓசைக்கு 'இருந்தார்கள்' என்று பொருளாம். உங்களுக்கு வரப்போவது, எங்களுக்கு இருந்துபோனது என்றார்.

ஜூன் 19, வியாழன்

மத்தியானத் தூக்கம். கனவில் கரவன்கள் ஐந்தும் கடலில் மெல்ல மிதந்து போகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு நாய் ஓட்டுகிறது. ஒருவருக்கும் அவசரம் இல்லை. எங்களுடையதில் மட்டும் ஓட்ட ஆளில்லை. விழித்தால் க.வின் மூச்சு என் பாதத்தில்.

மகள் நி. கனடாவிலிருந்து போன் எடுத்தாள். "கறுவா சாப்பிடுறாளோ அப்பா?"

"ஓம். என்னைவிட."

"குடுக்கேக்கை வாறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. காத்துக்கொண்டே இருப்பாள். நான் வெளிக்கிடேக்கை அதுதான் சொல்லேல்லை. ச்சூஸ் எண்டுபோட்டுத்தான் போனனான்."

அன்று விமானநிலையத்துக்குப் போகும்போது அவள் ஜெர்மனில் விடைபெற்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெருமை பிடித்தவள் என்று மனதுக்குள் திட்டினேன். ஐயோ பிள்ளை.

ஜெ.யிடம் சொன்னேன். இடியப்பம் பிழிவதை நிறுத்தவில்லை. ஆனால் உரலை வெகுநேரம் ஒரே இடத்தில் பிழிந்தாள்.

ஜூன் 21, சனி. ஓட்டோபான் தரிப்பிடம், மாலை

எழுதிவிட வேண்டும்.

எல்லை தாண்டி இந்தத் தரிப்பிடத்தில்தான் பிரிவதாக ஏற்பாடு. மெல்லிய வெயில், ரேப்ஸ் கடுகு வயல்கள் மேல் நீராவி. படுக்கை, கோப்பை, கம்பளி, செருப்பு எல்லாம் ஊவேயின் வண்டிக்கு மாறின. கயிறு அவர் கையில். நான் குனிந்து, ஒத்திகை பார்த்தபடியே, "ச்சூஸ், கறுவா" என்றேன். வாலாட்டியது. எல்லாம் சரி. ஜெ. முதலே காரில் ஏறி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஊவேக்குக் கை கொடுத்தேன். ஒரு மனுஷனிடம் விடைபெறும்போது நாக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"அப்ப சரி, வாறன்."

க. அந்த இடத்திலேயே உட்கார்ந்தது.

ஊவே கயிற்றை இழுத்தார். கூப்பிட்டார். தூக்கவும் பார்த்தார். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, கோபமில்லாமல், வழக்கமான முகத்தோடு. நான் காரில் ஏறினேன். சாவியைத் திருப்பினேன். ஓட்ட ஏலவில்லை.

ஜெ. திரும்பாமலே, "சொல்லிப்போட்டியள்."

"ஊவேக்குத்தான் சொன்னனான்."

"அதுக்கு அது தெரியுமே? போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் பின்னேர வேலைக்கு மாறுறன். ஒராள் போக ஒராள் வருவம்."

இறங்கிப் போனேன். ஊவே ஏற்கனவே கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். கயிற்றைத் தந்துவிட்டு க.வின் காதை ஒருமுறை தடவினார். அவருக்கு நான் செய்தது நியாயமில்லை. அடுத்த கோடையும் வருகிறோம் என்றேன். ஜெர்மனில்.

"வந்திட்டன்" என்றேன் க.விடம். எழுந்தது.

ஜூன் 22, ஞாயிறு. கொலோன்

மழை. கரவனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வீடு முழுக்க மணல்.

நி.க்குச் சொன்னோம். அழுகை, சிரிப்பு, இரண்டும். "அவளுக்கு என்ரை குரல் கேக்குதோ?" என்றாள். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தோம். க. காதை நிமிர்த்தியது.

"கறுவா, டிசம்பரிலை, நத்தாருக்கு வாறன்."

க. எழுந்து போய் வாசல் மிதியடியில் உட்கார்ந்துகொண்டது. இப்போதுதான் ஜூன்.