பிரகாஷின் பெரிய டயர்

ஜூலை 29, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஜீவனஹள்ளியில் என் மெக்கானிக் ஷெட்டில் மறுபடி ஒழுகல். தார்ப்பாய் வாங்க வேண்டும்.

பிரகாஷ் வந்தான். மர்பி டவுன் ஆடித் திருவிழாவில் பன்னிரண்டு வருஷமாக அம்மன் தேருக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டியை இழுத்தது என் ஜீப். இந்த வருஷம் இவன் பிக்கப் வண்டி. போன ஞாயிறு கமிட்டியில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "அண்ணன் ஜீப்ப பாத்தா அம்மனுக்கே வெக்கமாயிடும்." சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறது.

இப்போது அதே வாயால், பெரிய டயர் போட்டு வண்டியை நாலு இன்ச் தூக்கித் தர வேண்டுமாம்.

"ஊர்வலத்துல கெத்தா நிக்கணும் அண்ணா. சனிக்கிழமைக்குள்ள ஆகுமா?"

"ஆகும்" என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெயில். முதுகு வலி. டயர் மாட்டி முடித்தேன். பார்க்க யானைதான். இன்ஜினும் கியரும் அதே பழையது. இத்தனை பெரிய சக்கரத்தைச் சுற்றவே அதற்கு மூச்சு வாங்கும். இழுவை குறையும், பிரேக் லேட்டாகப் பிடிக்கும். வண்டியோடு பின்கொக்கியும் உயர்ந்துவிட்டது. மாட்டினால் ஜெனரேட்டர் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆடும். கொக்கியை இறக்க ஒரு தகடு போதும், அரை மணி வேலை. தகடு ஷெட்டிலேயே கிடக்கிறது. போடவில்லை.

என் மனைவி சாந்தி சாப்பாடு கொண்டுவந்தாள்.

"அவ்ளோ பெரிய ஜெனரேட்டர இது இழுக்குமாங்க?"

"மேட்டுல இழுக்காது."

"சொல்லிட்டீங்களா?"

"அவன் கேட்டானா?"

தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகட்டும். தேர் போகிற வழியிலுள்ள அந்த மேட்டில், ஊர் பார்க்க, கிளட்ச் கருகி அவன் நிற்க வேண்டும். என் வயிறு குளிர வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தேர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முன்னதாகவே போய் மேட்டில் இடம் பிடித்தேன்.

தேர் ஏறிவிட்டது. பின்னால் பிக்கப். பாதி மேட்டில் திணறல். கருகிய வாசனை. அப்பாடா என்றிருந்தது. நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது. ஜெனரேட்டர் வண்டி கோணலாகத் திரும்பியது. அதன் பின்னால் மாவிளக்குத் தட்டோடு பெண்கள். முதல் வரிசையில் சாந்தி.

இதை நான் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷம் ஜீப் கண்ணாடியில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவன்.

ஓடிப்போய்ச் சக்கரத்தடியில் கல் போட்டேன். முதல் கல் நழுவியது. இரண்டாவதில் நின்றது. இடது கையில் இரண்டு விரல் நசுங்கல். வேறு யாருக்கும் அடியில்லை. சாந்தியின் தட்டு மட்டும் கவிழ்ந்தது.

பிரகாஷ் இறங்கி ஓடிவந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அண்ணா, நீங்கதான மாட்டுனீங்க. இழுக்காதுன்னு உங்களுக்குத் தெரியலையா?"

சுற்றிலும் கமிட்டி ஆட்கள், என்னிடம் வண்டியை ரிப்பேருக்கு விடுகிறவர்கள். தரையில் மாவை அள்ளிக்கொண்டிருந்த சாந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

இருபத்திரண்டு வருஷ மெக்கானிக். "தெரியலப்பா" என்றேன்.