சுவர்ப் படத்தில் இரண்டு கைகள்

இதை யார் எடுத்தாலும், காலில் விழுகிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். என் அண்ணன் பிரஜிலேட்டனுக்குக் காட்டவே காட்டாதீர்கள்.

ஜூலை 8

ஓவியம் சொல்லித்தருகிற லசிதா டீச்சர் இன்று ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் வாசகசாலைச் சுவருக்குக் கூட்டிப்போனார், பவித்ரன் படத்தைப் பார்க்க. தினமும் கடந்துபோகிற படம்தான். நான் பிறப்பதற்கு முன்பே எதிர்க்கட்சிக்காரர்கள் வெட்டிக் கொன்ற எங்கள் கட்சித் தியாகி. வெட்டுப்பட்டுச் சரிகிற பவித்ரனை வல்சேட்டன் பின்னாலிருந்து தாங்குகிறார். வல்சேட்டன் இப்போது கட்சியின் ஊர்த் தலைவர். என் ஏட்டனுக்கு, அதாவது அண்ணனுக்கு, அவர்தான் தெய்வம்.

“தெரிஞ்ச கதையை மறந்துடுங்க. கண்ணுக்கு என்ன தெரியுது, எதை வச்சு அப்படிச் சொல்றீங்க, அதை மட்டும் எழுதுங்க. பேர் போட வேண்டாம். அப்பத்தான் யாரும் யாரையும் கிண்டல் பண்ண முடியாது.”

தாள்களை வாங்கி வாசித்தார். ஒருவன், “குடிச்சிட்டு விழுற மாமனை மருமகன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறான்” என்று எழுதியிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்து என் தாள். “பின்னால் நிற்பவர் தாங்கவில்லை. ஓடவிடாமல் பிடித்திருக்கிறார். விழுகிறவரின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டிருக்கின்றன.”

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூலை 9

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற ஷில்னா காதில் சொன்னாள்: “அதை வரைஞ்சவர் வெட்டு நடந்தப்ப பக்கத்துலயே இருந்தாராம்டீ. வரைஞ்சு முடிச்ச அன்னைக்கே ஊரை விட்டுப் போயிட்டாராம்.”

எனக்கு எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே டீச்சர் எழுதச் சொன்னார்?

ஜூலை 10

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

ஜூலை 11

டீச்சரை பஸ் ஸ்டாப்பில் இரும்புக் குழாயால் அடித்திருக்கிறார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு வெளியே வந்துவிட்டதாம்.

ஏட்டன் சட்டையில் புள்ளி புள்ளியாக ரத்தம். அம்மா ஒன்றும் கேட்காமல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள்.

“எழுதினது யாருன்னு ஒரே ஒரு பேர்தான் கேட்டோம். நான்தான் எழுதினேன், பிள்ளைங்களை விடுங்கன்னு அதையே சொல்றா. திமிரு புடிச்சவ.” மத்தி மீனிலிருந்து முள்ளை உருவிக்கொண்டே சொன்னான். தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன்.

ஜூலை 13

ஏட்டன் போனில்: “நாளைக்குள்ள பேர் வரலேன்னா வலது கையும்னு வல்சேட்டன் சொல்லிட்டார்டா. ஆஸ்பத்திரின்னா என்ன, உள்ளே போயே அடிப்போம்.”

டீச்சர் வரைகிற கை அது.

சொல்லிவிடவா? சொன்னால் என்னை என்ன செய்வார்கள்?

ஜூலை 14

சொல்லிவிட்டேன். “ஏட்டா, அதை எழுதினது நான். டீச்சரை விட்டுடுங்க.”

அறைந்தான். சுவரில் போய் மோதினேன், உதடு கிழிந்துவிட்டது. மறுபடி கையை ஓங்கினான். அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நிஜமாவே அப்படியாடீ இருந்துச்சு? முறுக்கியா பிடிச்சிருந்தார்?”

“நீயும் தினமும் பார்த்தியே ஏட்டா.”

எழுந்து சட்டையை மாட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற பையன்களைத் திருப்பி அனுப்பப் போகிறானாம். “உள்ளே தாழ் போட்டுக்கோங்க. நானே வந்து கூப்பிட்டாலும் திறக்காதீங்க.”

அம்மா அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். ஏட்டன் போய் மூன்று மணி நேரமாகிவிட்டது.

தட்டுகிறார்கள்.

“மோளே, நான்தான். தொற.”

ஏட்டன் குரலேதான். அழுகிறான். அவனுக்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள். அம்மா எழுந்து —