பதினேழாம் பக்கத்தில் என் சொந்தப் பெயரையே போடக் கோரி

அனுப்புநர்:
சாயிரா பானு,
நான்காம் மாடி, வாடகை அடுக்குமாடிக் குடியிருப்பு,
ஜாலான் புசார், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
சமுதாய உளவியல் ஆய்வு மையம், சிங்கப்பூர்.

பொருள்: சமூக நீதி ஆய்வறிக்கையில் எனக்கு வைத்த மாற்றுப் பெயரால் அதே புளோக்கின் வேறொரு குடும்பத்துக்கு நேர்ந்த அவப்பெயரை நீக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மையம் எங்கள் புளோக்கில் ஆறு மாதம் நடத்திய ஆய்வில் நானும் பங்கெடுத்தேன். வந்த ஆய்வாளர் பொறுமையானவர். அவ்வளவு நேரம் என்னை யாரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை. அதனால் சொல்லாததையும் சொன்னேன்: என் கணவர் மூன்றாண்டு சிறையில் இருந்தார், கேட்டவர்களிடம் வெளிநாட்டில் வேலை என்று சொல்லிவந்தேன். அறிக்கையில் பெயரை மாற்றிவிடுவோம் என்றார் ஆய்வாளர். மாற்றினார். ஆமினா பீவி என்று வைத்தார்.

எங்கள் புளோக்கின் ஒன்பதாம் மாடியில் உண்மையாகவே ஓர் ஆமினா பீவி இருக்கிறார். அவர் கணவர் உண்மையாகவே புருணையில் வேலை செய்கிறார். ஆய்வுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

31.8.2025 ஞாயிறு மாலை, கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, தேநீரும் கறிபாப்பும் கொடுத்து, அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்தார்கள். என் கதை உள்ள பதினேழாம் பக்கம் வந்ததும் எல்லாத் தலையும் இரண்டாம் வரிசைக்குத் திரும்பியது. அங்கேதான் ஒன்பதாம் மாடி ஆமினா பீவி உட்கார்ந்திருந்தார். பெயர்கள் மாற்றப்பட்டவை என்ற வரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ளது. அதை யாரும் படிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

கணவர் புருணையில்தான் இருக்கிறார் என்று அவர் சொன்னால், "அப்படித்தானே லா சொல்லுவாங்க" என்கிறார்கள். அறிக்கையில் அப்படித்தானே இருக்கிறது! அவர் மகள் சாதியாவுக்குப் பேசி முடித்திருந்த பாசிர் ரிஸ் மாப்பிள்ளை வீட்டார், நிக்காஹ்வைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம் என்று தகவல் அனுப்பிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். வேறு மாற்றுப் பெயர் போடலாம், சொந்தப் பெயர் போட விதியில்லை, என் பாதுகாப்பு முக்கியம் என்றார்கள். என்னைப் பாதுகாத்தது போதும், ஐயா. இனி எந்தப் பெயரை மாற்றிப் போட்டாலும், ஆமினா பீவியை மறைக்கத்தான் மாற்றினார்கள் என்று பேசுவார்கள். எளியவர்கள் தமக்காகத் தாமே பேசும் வலிமை பெறுவதே நோக்கம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பேசுகிறேன், கேளுங்கள்.

அந்தப் பக்கத்தில் 'சாயிரா பானு, நான்காம் மாடி' என்று திருத்த வேண்டும். வரும் 21ஆம் தேதி ஞாயிறன்று அதே கீழ்த்தளத்தில் எல்லோரையும் கூட்டிப் படிக்க வேண்டும். நான் முன்னால் வந்து நிற்பேன். முத்திரையிட்ட பிரதி ஒன்றும் தேவை. பாசிர் ரிஸுக்கு அதை நானே கொண்டுபோகிறேன்.

இதில் என் மானம் மட்டும் இல்லை. ஆகவே, மார்ச் மாதம் விடுதலையாகி வந்த என் கணவரிடம் இம்மனுவைப் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை பேனா கேட்டார்.

இடம்: ஜாலான் புசார்
நாள்: 14.9.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
சாயிரா பானு

மேலே சொன்னது அனைத்தும் உண்மை.
ரவூப்
(பதினேழாம் பக்கத்தில் வரும் கணவர்)