மான் ஓடுதா?

பக்கத்து வீட்டு ஆசாரி இன்று காலையிலிருந்து வச்சிரம் காய்ச்சுகிறார். தோலையும் நரம்பையும் கொதிக்க வைத்து எடுக்கிற அந்தப் பசையின் நாற்றத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். நான் மட்டும் கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, பலகையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினேழு வருடம் இந்த நாற்றத்துக்காக உங்களை ஏசியவள் நான். இன்றைக்கு அது அடுத்த வீட்டிலிருந்து வருகிறதே, நம் வீட்டிலிருந்து வரவில்லையே என்று அழுகை வருகிறது. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளாக உங்களிடம் ஒன்று சொல்லத் தவிக்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். ஆனால் முதலிலிருந்து வருகிறேன். நான் எதைச் சொன்னாலும் வாலில் ஆரம்பித்துத் தலைக்கு வருவேன் என்று கேலி பேசுவீர்களே, இன்றைக்கு அப்படி இல்லை.

நம் கல்யாணப் பேச்சில் தரகர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "மாப்ள சர்வே ஆபீசுல வேலை. கோச்சடையில சொந்த வீடு. வீட்டுல வில்லு வேற வச்சிருக்காரு" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கு அம்பும் வில்லும் ஞாபகம் வரும்? மாடு பூட்டுகிற வில்வண்டி என்றுதான் எடுத்துக்கொண்டோம். குலுங்காத வில்வண்டியில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் இறங்குவதாக ஒரு மாதம் கனவு கண்டேன். இங்கே வந்த முதல் நாள் கொல்லைவரை போய்த் தேடினேன். "என்ன தேடுற?" என்றீர்கள். "வில்வண்டி எங்க நிக்கிது?" என்றேன். நீங்கள் முழித்த முழி இருக்கிறதே! பிறகு முன்னறைப் பெட்டியைத் திறந்தீர்கள். பழைய துணியில் சுற்றி நாலு வளைந்த கட்டைகள் கிடந்தன. "எங்கிட்ட இருக்குற வில்லு இதுதேன்" என்றீர்கள். அப்பாவுக்கு நான் எழுதிய முதல் கடிதத்தில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

நிலம் அளக்கப் போன இடமெல்லாம் உங்களுக்கு வில்தான். ஒரு ஜமீன் வீட்டில் ஈரத்துணி காயப்போட்டிருந்த கொடிக்கம்பு வில்லாக இருந்ததாம். ஒரு மாட்டுக்கொட்டிலில் வாழைத்தார் தொங்கவிட்ட கொக்கியும் அப்படியேயாம். வேட்டையும் நின்றுபோய், துப்பாக்கியும் வந்துவிட்ட பிறகு அவர்களுக்கு அது எதற்கு? நீங்கள் கேட்டதும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்களாம். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியில் தேய்ந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பீர்கள். "இதப் புடிச்சவன் இடதுகைக்காரன்" என்பீர்கள். பசை விட்ட இடத்துக்குக் கொல்லையில் வச்சிரம் காய்ச்சி ஒட்டுவீர்கள். நகத்தால் கொம்பைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பீர்கள். ஒருநாள் என் பக்கம் அப்படிக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா என்று சண்டை போட்டேன். அப்போதும் வில்லைத்தான் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது வில் வந்தது அந்த முதல் வருட மழைக்காலத்தில். குடையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவந்தீர்கள். சொட்டச் சொட்ட நனைந்து நின்றீர்கள். கோட்டுப் பொத்தானைக் கழற்றினால் உள்ளே வில் மட்டும் காய்ந்திருந்தது. எருமைக்கொம்பும் மரமும் நரம்பும் வச்சிரத்தால் ஒட்டிச் செய்த வில்லுக்கு ஈரம் எமன் என்று சொல்லி, நேரே கொண்டுபோய் என் அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டினீர்கள். "இது அடுப்படியா, ஆயுதக் கொட்டடியா?" என்று கத்தினேன். "சூடு அதுக்கு வேணும், கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க" என்றீர்கள். அந்தக் கொஞ்ச நாள் பதினாறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வந்தபோது அரைவட்டமாக இருந்த வில், என் அடுப்புச் சூட்டில் நாளுக்கு நாள் இன்னும் சுருண்டது. என் புகையால்தான் கெட்டுப்போனது என்று பயந்துவிட்டேன். நீங்கள் முகாம் போயிருந்த சமயம் பார்த்து, இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, பார்க்க வில் மாதிரியே ஆக்கி, மாட்டிவைத்தேன். நீங்கள் வந்து பார்த்தீர்கள். அப்புறம் சிரித்தீர்கள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "அடிப்பாவி, வில்லுக்குச் சட்டையத் திருப்பிப் போட்டுவிட்டிருக்க!" இந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாண் கழற்றியதும் அந்த வில் பின்பக்கமாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதுதான் அதற்குத் தூக்கம். எழுப்ப வேண்டுமென்றால் அடுப்புச் சூட்டில் பதமாகக் காட்டி, மடியில் வைத்து, சுருண்டதற்கு எதிர்ப்பக்கமாக வளைக்க வேண்டும். வளைக்கிறவருக்கு இரண்டு கையும் அதிலேயே போய்விடும். நாணின் கண்ணியை முனையில் மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வளைக்க, நான் மாட்டினேன். வில் முழுக்கத் திரும்பியது. அப்போதுதான் அந்த மானைப் பார்த்தேன்.

சுருண்டு கிடக்கும்போது உள்ளே ஒளிந்துகொள்கிற முதுகுப் பக்கத்தில், அரக்குச் சிவப்பில் ஒரு மான். கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிற மான். வில்லைப் பிடித்து நிற்கிறவருக்கு அது தெரியாது, எதிரே நிற்கிறவருக்குத்தான் தெரியும். "பாரேன், செஞ்சவன் எம்புட்டுக் குசும்பு புடிச்சவன்! எய்யிறவன் பாக்க முடியாது, மான்தேன் மானப் பாக்கணும்" என்றீர்கள். என்னை எதிரே நிற்கச் சொல்லி, அம்பில்லாமல் நாணை மட்டும் மெதுவாக இழுத்தீர்கள். வில்லின் முதுகு வளைய வளைய மானின் கால் நீண்டது.

"ஓடுதா?" என்று கேட்டீர்கள்.

"ஓடுதுங்க" என்றேன்.

வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்டதும், நமக்கு இது வழக்கமாகிப் போனது. பிள்ளை இல்லாத வீட்டில் இப்படியும் ஒரு பண்டிகை. நீங்கள் பிடித்த வில்லின் மான் ஓடி நீங்கள் பார்த்ததே இல்லை. ஒருநாள் நான் பிடிக்கிறேன், நீங்கள் பாருங்கள் என்றதற்கு, "வேணாம், நீ சொல்லு, அது போதும்" என்றீர்கள். என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று மேலே எழுதினேனே, அதை அடித்துவிட மனமில்லை. ஆனால் இதையும் எழுத வேண்டும்.

அப்புறம் வைகை கரை மீறிய வருடம். முன்னறையில் முழங்காலளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தால் நாலு வில்லும் பசை விட்டு, கொம்பு தனி, நரம்பு தனி, மரம் தனி. அந்த நாற்றமும் இன்றைக்கு வருகிற இதே நாற்றம்தான். நீங்கள் அழவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் பரப்பினீர்கள், இனி எதுவும் ஒட்டாது என்றீர்கள். பிறகு அடுப்படிக்கு வந்து மேலே பார்த்தீர்கள். அது மட்டும் மொறமொறவென்று காய்ந்து தொங்கியது. "ஒன் அடுப்புதேன் காப்பாத்துச்சு. இனிமே இது ஒன் வில்லு" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்க நாம் இரண்டு பேர் தவிர யாரும் இல்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் நாலாம் நாள். இடது கையை நீட்டி விரல்களை மூடிவைத்திருந்தீர்கள், வலது கை நெஞ்சோரம் இருந்தது. போர்வையைச் சரிசெய்ய வந்தவள் நான், உங்கள் கையை எடுத்து உள்ளே வைக்கப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "ஓடுதா?" என்றீர்கள். எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம். இரண்டு நாளாகவே முள் நகராமல் கிடந்தது. அதைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். "இல்லங்க, நின்னுபோச்சு" என்றேன்.

நீங்கள் அதற்கப்புறம் பேசவில்லை. விடியுமுன் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நுழைந்து, மேலே அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் கை இருந்த விதம் எனக்குப் புரிந்தது. நீட்டிய இடது கை, நெஞ்சோரம் வலது கை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யார் யாரோ வந்து தூக்கினார்கள். ஐயோ, நான் என்ன பதில் சொல்லி அனுப்பினேன் உங்களை!

அதிலிருந்து ஒரே நினைப்பு. ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்த வில்லுக்கு நாண் ஏற்றிப் பார்த்து, சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும். தனியாக நாலு தடவை முயன்றேன். வளைத்தால் மாட்டக் கையில்லை, மாட்டப் போனால் வளைப்பு நிற்கவில்லை. ஒருமுறை கை நழுவி முகவாயில் அடித்து, இரண்டு நாள் வீங்கியிருந்தது. யாரைக் கூப்பிடுவது? புருஷன் செத்து வில் வளைக்கிறாள் என்று தெருவே பேசும். எனக்கு இப்போது ஒருவேளைக் கஞ்சி போதும். ஆனால் ஈரக்காற்று அடித்தால் இரண்டு வேளையும் அடுப்பு மூட்டுகிறேன். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்குகிறேன். வில்லுக்காக.

மூன்று நாளுக்கு முன் அலங்காநல்லூரிலிருந்து உங்கள் தம்பி வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர். நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்து பார்த்தால், வில்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பை ஊதித் தீயை எழுப்பிக்கொண்டிருக்கிறார்.

"எங்க ஆபீசர் பங்களாச் சொவத்துக்கு இது மாதிரி ஒண்ணு கேட்டாரு மதினி. அண்ணன் வில்லு இருக்குன்னு வாக்குக் குடுத்துட்டேன். இம்புட்டு நாளாச் சூட்டுல கெடந்து ஒரேயடியாச் சுருண்டு போச்சு பாருங்க. நெருப்புல காட்டி நிமித்திட்டு எடுத்துட்டுப் போறேன்."

குடம் கீழே விழுந்தது. "தம்பி, வைங்க அத!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆசாரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். நீங்கள் போன பிறகு நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணன் வில்லு இல்ல. என் வில்லு."

உங்கள் தம்பி திகைத்துப்போய் நின்றார். வில்லை வாங்கி, தீயைத் தள்ளிவிட்டுக் கங்கில் பதமாகக் காட்டினேன். பிறகு பலகையைப் போட்டு, "உக்காருங்க. நான் சொல்ற பக்கம் வளைங்க. விடாதீங்க" என்றேன். "அய்யய்யோ, ஒடிஞ்சிறாதா மதினி?" என்றார். "ஒடியாது. அதுக்கு இதுதேன் நேர்ப்பக்கம்." அவர் முகம் சிவக்க வளைத்தார். கண்ணி முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை விழுந்தது.

"இப்ப எந்திரிச்சு நில்லுங்க. இடதுகையில புடிங்க. நாண மெதுவா இழுங்க, அம்பில்லாம வெடுக்குன்னு விட்டுறாதீங்க, மெதுவாவே கொண்டாந்து விடணும்." பாவம், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொன்னதையெல்லாம் செய்தார். நான் எதிரே, நீங்கள் என்னை நிறுத்துகிற அதே இடத்தில், அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

நிற்கிற உயரம் உங்கள் உயரம். நிற்கிற ஜாடை கூட உங்கள் ஜாடை. அவர் இழுத்தார். அரக்குச் சிவப்பு ஒன்றிரண்டு இடத்தில் உதிர்ந்திருந்தது. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே அதன் கால் நீண்டது. உங்கள் தம்பி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரியாது. கொஞ்ச நேரம் அந்தக் கேள்விக்காகக் காத்து நின்றேன்.

அப்புறம் நானே சொன்னேன்.

"என்ன மதினி? என்ன சொன்னீங்க?" என்றார் அவர். "ஒங்களச் சொல்லல தம்பி" என்றேன்.

அவர் ஆபீசருக்கு வேறு ஏதோ பார்த்துக்கொள்கிறாராம். வில் மறுபடி அடுப்புக்கு மேலே சுருண்டு தூங்குகிறது. ஆசாரியின் வச்சிரம் கெட்டியாகிவிட்டது போலிருக்கிறது, நாற்றம் குறைந்துவிட்டது. உங்களுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, அதனால்தான் எழுத்திலும் வைக்கிறேன்.

ஓடுதுங்க. அன்றைக்கு நான் சொன்னது கடிகாரத்தை.