பாரீஸ் சென்ட்டும் என் காதும்

12-8-1983, வெள்ளி இரவு

துபாயிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை இன்று என் அத்தர் கடையில் ஒரு சென்ட் பாட்டிலை வைத்தார். "பாரீஸ் சரக்கு மாமா. ஐரிஸ்னு ஒரு பூச்செடியோட கிழங்கு, கூட அம்பர். ஆம்பளைங்களுக்குன்னே செஞ்சது. அத்தரையெல்லாம் பரண்ல போட்டுட்டு இனிமே இதை வித்துப் பாருங்க."

அத்தர் வைக்கும் பழக்கத்தில் பஞ்சை நனைத்துக் காதில் செருகிவிட்டேன். காது திகுதிகுவென்று எரிந்தது. பாதிக்கு மேல் சாராயம்! எரிச்சல் அடங்கியதும் கிழங்கு வாசம் வந்தது. ஆத்தூர் ரோட்டில் பஸ் ஜன்னலைத் திறந்தால் ஜவ்வரிசி ஆலைகளின் ஈர மரவள்ளி மாவு இந்த வாசத்தைச் சும்மாவே கொடுக்கும். அப்புறம் அம்பராம்! சர்க்கரைப் பாகில் சாம்பிராணியைக் கரைத்த தித்திப்பு. திமிங்கிலம் கக்கும் அசல் அம்பரை இவர் கனவில்கூட முகர்ந்திருக்க மாட்டார். ஆம்பளைக்காம்! தொட்டில் பிள்ளைக்குப் பூசுகிற பவுடர்.

"என் கடையில இதுக்கு இடமில்லை மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். காதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ராத்திரி சோறு போடக் குனிந்த என் மனைவி அப்படியே நின்றாள். "என்ன பூசியிருக்கீங்க? கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னைக்குத்தான் உங்க மேல நல்ல வாசம் அடிக்குது."

இத்தனை வருடம் அத்தர்க்காரனோடு குடித்தனம் நடத்தியும் மூக்கே இல்லாதவள்.

காதை இன்னொரு தரம் கழுவத்தான் எழுந்து போனேன். கழுவாமல் வந்துவிட்டேன்.