பிளாஸ்டிக்குள் வேர்ஜீனியா

பிளேஸ்டோ, இலண்டன்
6.10.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். பொஸ்டன் குளிரில் மேற்சட்டையைப் பூட்டிக்கொண்டு திரியுங்கள். பழைய வரைபடங்களைக் கண்டால் உங்களுக்குக் காய்ச்சலும் தெரியாது.

நேற்றுப் போனில், வேர்ஜீனியா எப்பிடி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். என்னை ஒருநாளும் அவ்வளவு உருக்கமாக விசாரித்ததில்லை. நல்லாயிருக்கிறாள் என்றேன். அது பொய். போனில் சொன்னால் கத்துவீர்கள், மிச்சத்தைச் சொல்ல எனக்கு ஏலாமல் போய்விடும். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பதினொரு வருடம் தேடி வாங்கிய அந்த முந்நூறு வருட வேர்ஜீனியா வரைபடத்தை, பிறேம் மாற்றக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். பழுத்த ஓரத்தையும் பூச்சி அரித்த ஓட்டையையும் உங்கள் தம்பி கணேசலிங்கம் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் பக்கத்து ஊரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் லாமினேட் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். மெஷினுக்குள் போகவில்லையென்று ஒரு விரலளவு ஓரம் வெட்டியும் இருக்கிறார்கள். சூட்டில் பச்சை நிறம் கறுத்துவிட்டது. பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் சேர்ந்து வருமாம்.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்தபடி வந்தார். இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது மச்சாள், ஓடவேண்டி வந்தாலும் சுருட்டிக்கொண்டு ஓடலாம் என்றார். யாழ்ப்பாணத்தைவிட்டு ஓடிவரும்போது கிளாலிக் கடலில் சான்றிதழெல்லாம் நனைந்து கூழாகிப்போன மனிதன். இங்கே வந்த முதல் கிழமையே, மிஞ்சியதையெல்லாம் இப்படித்தான் பிளாஸ்டிக்கில் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்மை இந்த வீட்டில சேர்த்ததுதான் பிழை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் நாக்கில் சனி.

வீட்டைவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊர்க் கிறிஸ்துராஜாவின் கடைப் பின்னறையில் படுக்கிறார். இரண்டு தரம் போய்க் கூப்பிட்டேன். அண்ணை சொல்லாமல் வரமாட்டன் என்கிறார். கக்கூசுக்கும் காவிக்கொண்டு போகும் அந்தப் பிளாஸ்டிக் போட்ட பேப்பர்களின் ஃபைலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தேன், எனக்கு இனி என்னத்துக்கு என்று வாங்கவில்லை. பதினெட்டாம் திகதி அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒஃபீஸ் நேர்முகம். அந்தப் பேப்பர்கள் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் அத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைப் போன் நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்த கையோடு எடுங்கள். படத்தைப் பற்றிப் பேசவேண்டாம். சாப்பிட்டியோ என்று மட்டும் கேளுங்கள். கோபத்தை எனக்கென்று வைத்திருங்கள். வந்து திட்டும்போது நான் வாய் திறக்க மாட்டேன்.

நீங்கள் போனை எடுக்கும் நேரம், உங்கள் நாக்கில் பிள்ளையார் இருக்கட்டும்.

உங்கள்
தவமலர்