உங்கள் அடுப்படி வினிகர்

அக்கா,

நேற்று உங்கள் அடுப்படியைக் கழுவினேன். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எச்சில் தட்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் என் தலையில் கட்டிவிட்டுக் காரேறிவிட்டார்கள். சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்தேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பாதி வினிகர், பாதி தண்ணீர், அதில் ஊறிச் சுருங்கிய எலுமிச்சைத் தோல். நீங்கள் கலந்து வைத்த கடைசி பாட்டில். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன மருமகளாக நான் சிரம்பானிலிருந்து லாபு ரப்பர் தோட்டத்துக்கு வாழ வந்தபோது, பெரிய மருமகளான உங்களை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. என் மகன் பாபு தவழ்ந்து உங்கள் வாசல் ஏறினால் அப்படியே தூக்கி வந்து என் மடியில் போட்டுவிடுவீர்கள். "புள்ளய அடுப்படிக்கு வுடாத லா" என்பதோடு சரி. உங்கள் அடுப்படிக் கதவில் பூட்டு வேறு தொங்கும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். நீங்கள் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். வீட்டுக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கிறதே என்று, மிஞ்சிய மருந்தில் கொஞ்சத்தை ஓர் ஆரஞ்சுத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பலரும் செய்ததுதான். உங்கள் மகள் அதை ஆரஞ்சுத் தண்ணீர் என்றே நினைத்துக் குடித்தாள். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அதன்பிறகு நீங்கள் மருந்தடிக்கப் போகவில்லை. ரப்பர்ப் பால் இறக்க, பால்மரம் வெட்டப் போனீர்கள். துணி துவைக்கும் தூளைக்கூட எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டீர்கள்.

ஊறுகாய்க்கு வாங்கிய வினிகர் தற்செயலாகக் கொட்டி, வெந்நீர்க் கெண்டியில் படிந்திருந்த வெள்ளைக் கறையை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து தரைக்கும் அதுதான், ஜன்னல் கண்ணாடிக்கும் அதுதான், அடுப்பு மேடைக்கும் அதுதான். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் மாதிரி வீடு முழுக்க வாடை. "இது வூடா, ரப்பர் ஸ்டோரா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். நீங்கள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியை நனைப்பீர்கள். நம் தோட்டத்தில் வினிகருக்குச் சுக்கா என்றுதான் பேர். "சுக்காதான? ஊறுகாயில ஊத்துறதுதான? வாயில வைக்க முடியாதது எதுவும் என் வூட்டுக்குள்ள வேணாம்" என்பீர்கள்.

பாபு நடக்கப் பழகியிருந்தான். ஒருநாள் நீங்கள் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்து கிடந்தது. நான் பைப்படியில் இருந்தேன். உங்கள் அலறல் கேட்டு ஈரக் கையோடு ஓடி வந்தேன். பாபு வினிகர் பாட்டிலைத் தூக்கி ஒரு வாய் குடித்திருந்தான். ஒரு கையால் அவன் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அதே பாட்டிலை நீங்கள் மடக்மடக்கென்று குடித்தீர்கள். அவன் முகத்தைக் கோணிக்கொண்டு வீறிட்டு அழுதான். லயமே கூடிவிட்டது. "வெறும் சுக்காதானக்கா, இதுக்குப் போயி..." என்று யாரோ சிரித்தார்கள்.

நீங்கள் அவனை விடவில்லை. "அழுவுறான் பாரு. நல்லா அழுவுறான் பாரு புள்ள" என்று திரும்பத் திரும்ப என்னிடம் சொன்னீர்கள். நீங்கள் அழுது அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் கதவில் பூட்டு இல்லை. பாபு பாதி நாள் உங்கள் அடுப்படியில்தான் வளர்ந்தான்.

தோட்டம் விற்கப்பட்டு நாம் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும் நீங்கள் மாறவில்லை. எத்தனை தேய்த்தும் உங்கள் குளியலறைப் பாசி கடைசிவரை போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு ஏதாவது வாங்குங்கள் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். "பாசி யாரயும் கொல்லாது" என்று முடித்துவிட்டீர்கள்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் அடுப்படியில், தரையோடு தரையாக, குடிதண்ணீர் பாட்டிலில் நீல நிறத்தில் என்னவோ இருந்தது. கக்கூஸ் கழுவும் மருந்தாம். பெரிய டின்னில் வாங்கிப் பிரித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நான் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போய்க் கக்கூஸில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் காலால் மிதித்து நசுக்கினேன்.

"என்னாக்கா இது? சொல்லாம கொள்ளாம!" என்று கத்தினாள்.

உங்கள் மகளைப் பற்றிச் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. நீங்கள் இருந்தவரை எனக்கு வாய் வந்ததில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும் குனிந்து பார்ப்பேன், சொல்லவும் செய்வேன். அந்தப் பெண் மற்ற பாட்டில்களை எடுத்து மேலே வைத்தாள்.

இப்போது சாயங்காலம். அந்தக் குழந்தை என் வாசலில் மூன்று சக்கர சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறது, வருகிறது. காதைப் பிளக்கிற கத்தல், அக்கா. போடீ உள்ளே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.